விக்கிப்பீடியாவை எந்த அளவுக்கு நம்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போது, "மேலும் விவரம் வேண்டுவோர் விக்கிப்பீடியாவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆமோதித்தவர்களைவிடக் கண்டித்தவர்களே அதிகம். அவற்றில் தெரிந்தெடுத்த சிலவற்றுக்கு இந்த மாதப் பக்கங்களை முழுமையாக ஒதுக்கியிருக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறார்கள். பூட்டாத வீட்டில் பொருள் தங்குமா? இப்படி ஒரு கலைக்களஞ்சியம் எப்படித்தான் நடக்கிறது?
– பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பூட்டாத வீடுதான், ஆனால் திண்ணையில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் வீடு. அந்த நாலு பேர் யார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், பூட்டிய வீட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2000-ஆம் ஆண்டு ஜிம்மி வேல்சும் லாரி சேங்கரும் நூபீடியா என்றொரு இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். துறை வல்லுநர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டங்களாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் முறை. குறை சொல்ல முடியாத முறைதான். ஆனால் அது மூடப்பட்ட 2003 வரைக்கும் ஏழு படிகளையும் ஏறி வெளியே வந்த கட்டுரைகள் ஏறத்தாழ இருபத்தைந்தே. இந்த நத்தை வேகத்துக்குத் துணையாக, யாரும் எழுதிப் பார்க்கக்கூடிய ஒரு தளத்தை 2001 ஜனவரி 15 அன்று திறந்துவைத்தார்கள். அதுவே விக்கிப்பீடியா. அந்த ஆண்டு முடிவதற்குள் அதில் ஏறக்குறைய இருபதாயிரம் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

இனி அதன் உள்நடப்பு. ஒவ்வொரு கட்டுரையின் தலைமாட்டிலும் 'வரலாறு' என்றொரு இணைப்பு உண்டு. அதைச் சொடுக்கினால், அந்தக் கட்டுரை முதன்முதலில் எழுதப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, எந்தப் பயனர், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லைச் சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது வரிசையாக வந்து நிற்கும். பழைய வடிவம் எதுவும் அழிவதில்லை. ஒருவர் கட்டுரை முழுவதையும் துடைத்துவிட்டு வசைச் சொல்லை எழுதிவைத்தாலும், அதை முந்தைய நிலைக்குக் கொண்டுவர இன்னொருவருக்கு ஒரே சொடுக்கு போதும். கெடுப்பதைவிடச் சீராக்குவது எளிது என்பதில்தான் இந்த அமைப்பின் உயிர் இருக்கிறது. தாம் எழுதிய அல்லது அக்கறை கொண்ட கட்டுரைகளை ஒவ்வொருவரும் தமது கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்கிறார்கள். அவற்றில் யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும். இவை தவிர, 'அண்மைய மாற்றங்கள்' என்ற பக்கத்தை மட்டுமே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு, வெளிப்படையான கிறுக்கல்களைத் தாமாகவே துடைக்கும் தானியங்கி நிரல்களும் உண்டு. தேர்தல் காலத்து அரசியல்வாதி, புதுப்படம் வெளியான வாரத்து நடிகர் போன்றோரின் பக்கங்களுக்குத் தற்காலிகமாகப் பூட்டே போட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் அவற்றில் கை வைக்க முடியாது.

எழுதுவோர்க்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. நடுநிலையோடு எழுத வேண்டும். சொல்வதற்கு ஏற்கெனவே அச்சிலோ நம்பகமான தளத்திலோ வெளிவந்த சான்று காட்ட வேண்டும். சொந்த ஆராய்ச்சியை அங்கே வெளியிடக் கூடாது. மூன்றாவது விதி பலரைச் சினங்கொள்ளவைக்கும். என்னையும் வைத்தது. என் ஊர்க் கோயில் குளத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்த நான்கு வரிக் குறுங்கட்டுரையில், அது பஞ்ச காலத்தில் கூலிக்குத் தானியம் கொடுத்து வெட்டப்பட்ட குளம் என்று ஒரு வரியைச் சேர்த்தேன். என் தந்தையார் சொல்லக் கேட்டது அது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வரியின் கடைசியில் 'சான்று தேவை' என்று சிறிய எழுத்தில் யாரோ குறித்திருந்தார். என் தந்தையைச் சந்தேகிக்க இவர் யார் என்று முதலில் தோன்றியது. ஆறப்போட்டு யோசித்தபோது, அவருக்கு என் தந்தையைத் தெரியாது, படிக்கப்போகிற யாருக்குமே தெரியாது என்பது உறைத்தது.

நம்மிடம் இதற்கு முன்பு நடந்த கலைக்களஞ்சியப் பணிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்த அபிதான சிந்தாமணி, ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற ஒரு தமிழாசிரியரின் பல்லாண்டு உழைப்பு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அவற்றில் ஒரு பிழை இருந்தால் அதற்குப் பொறுப்பேற்க ஒரு பெயர் இருந்தது. ஆனால் அடுத்த பதிப்பு வரும்வரை அந்தப் பிழையும் அங்கேயே இருந்தது. விக்கிப்பீடியாவில் இவை இரண்டுமே தலைகீழ்.

எங்கள் பேராசிரியர், ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் குறைப்பேன் என்கிறார். இது பழைய தலைமுறையின் பிடிவாதம் அல்லவா?
– முதுகலை மாணவர், திருச்சி

பேராசிரியர் சொல்வதை விக்கிப்பீடியாவே சொல்கிறது. தன்னை ஒரு நம்பகமான சான்றாகக் கொள்ள வேண்டாம் என்பது அதன் சொந்தக் கொள்கை. ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையைச் சான்றாகக் காட்ட அங்கேயே அனுமதி இல்லை. எந்தக் கலைக்களஞ்சியமும் ஆய்வின் வாயிற்படிதான். பிரிட்டானிக்காவை மேற்கோள் காட்டினாலும் உங்கள் பேராசிரியர் முகம் சுளிக்கவே செய்வார்.

பிரிட்டானிக்காவின் பெயர் வந்துவிட்டதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடலாம். 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ், 42 அறிவியல் தலைப்புகளில் இரண்டு கலைக்களஞ்சியங்களின் கட்டுரைகளையும் எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னது. விக்கிப்பீடியாவில் 162 குறைகளும் பிரிட்டானிக்காவில் 123 குறைகளும் அகப்பட்டன. கடுமையான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா அந்த ஆய்வு முறையையே கடுமையாக மறுத்தது, நேச்சர் தன் முடிவில் நின்றது. விக்கிப்பீடியாவின் அன்பர்கள் இருபது ஆண்டுகளாக இந்த ஆய்வைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ஒளிச்சேர்க்கையைப் பற்றியும் அணுக்கருவைப் பற்றியும் எழுதும்போது யாரும் யாரோடும் சண்டையிடுவதில்லை. சாதி, மதம், எல்லைத் தகராறு, உயிரோடு இருக்கும் ஒருவரின் வாழ்க்கை ஆகியவற்றில்தான் கலைக்களஞ்சியத்துக்குச் சோதனை; அந்தச் சோதனையை இந்த ஆய்வு நடத்தவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. கட்டுரையைப் படியுங்கள், அடிக்குறிப்பில் உள்ள நூலுக்குச் செல்லுங்கள், நூலைப் படித்து நூலை மேற்கோள் காட்டுங்கள். நூலைப் படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் பெயர்த்துக்கொள்ளும் மாணவர்களும் இருக்கிறார்கள். அது விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டுவதைவிட மோசம்.

பொய்யான தகவல்கள் அங்கே நெடுநாள் தங்கிவிடுவதில்லை, உடனே நீக்கிவிடுவார்கள் என்று நண்பர் வாதிடுகிறார். உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

முட்டாள்தனமான பொய் தங்குவதில்லை. புத்திசாலித்தனமான பொய் தங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த வாதம் எப்போதும் முடிவில்லாமல் போகிறது.

ஜான் சீகெந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரின் வாழ்க்கைக் குறிப்பில், கென்னடி சகோதரர்களின் படுகொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்று 2005 மே மாதம் ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் சீகெந்தாலர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்தை யாரும் உன்னிப்பாகக் கவனிக்கவில்லை. அவரே நாளிதழில் எழுதி உலகறியச் செய்த பிறகு, பெயர் பதியாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்க முடியாதபடி தடுத்தார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கான விதிகளும் இறுகின.

இதைவிட என்னை வியக்கவைத்தது பிச்சோலிம் போர். கோவாவின் பிச்சோலிம் பகுதிக்காக 1640–41-இல் போர்ச்சுக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் நடந்ததாகச் சொல்லப்பட்ட போர் அது. நெடிய கட்டுரை, ஒழுங்கான உட்தலைப்புகள், அடிக்கு அடி அடிக்குறிப்புகள். 2007-இல் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தகுதியே கிடைத்தது. 2012-இன் இறுதியில் ஒரு பயனர், அடிக்குறிப்பில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். அவற்றுள் முதன்மையானவை இந்த உலகத்திலேயே இல்லை. போரும் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அத்தனை பேர் படித்தும், மதிப்பிட்டும், எவரும் ஒரு நூலைக்கூடத் தேடவில்லை. சிவாஜி பிறந்தது 1630-இல், முடிசூட்டிக்கொண்டது 1674-இல். 1640-இல் மராத்தியப் பேரரசு எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் படித்திருந்தால் கேட்டிருப்பார். படித்தவர்களின் கண்கள் அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையில் மயங்கியிருந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் காலமானவுடன், அயர்லாந்து மாணவர் ஒருவர், செய்தித்தாள்களைச் சோதிப்பதற்காக, ஜார் சொன்னதாகத் தாமே இயற்றிய உருக்கமான வாசகம் ஒன்றை அவருடைய பக்கத்தில் சேர்த்தார். சான்று இல்லை என்று விக்கிப்பீடியர்கள் அதை நீக்கினார்கள். மாணவர் மீண்டும் சேர்த்தார், மீண்டும் நீக்கினார்கள். அந்தச் சில மணி நேர இடைவெளிகளில் பல நாடுகளின் நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கல் குறிப்பில் அச்சேற்றிவிட்டன. மாணவரே எழுதித் தெரிவிக்கும்வரை ஒரு மாத காலம் எந்த ஆசிரியர் குழுவுக்கும் ஐயம் எழவில்லை. சம்பளம் வாங்கும் எங்கள் தொழிலுக்கு இது பெருமை தரும் கதை அன்று.

இதிலிருந்து பிறக்கும் நோய்தான் எல்லாவற்றிலும் கொடியது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியில் கார்ல் தியோடர் சூ குட்டென்பெர்க் பொருளாதார அமைச்சராக அறிவிக்கப்பட்டார். பிரபு குலத்தவர், அவருக்குப் பத்து முன்பெயர்கள். ஒரு விஷமி அவற்றின் நடுவே 'வில்ஹெல்ம்' என்று பதினோராவது பெயரைச் செருகினார். நாளிதழ்கள் அப்படியே அச்சிட்டன. சான்று எங்கே என்று விக்கிப்பீடியாவில் கேள்வி எழுந்தபோது, அந்த நாளிதழ்களே சான்றாகக் காட்டப்பட்டன. பாம்பு தன் வாலையே இரையாக விழுங்குவது போன்றது இது. ஆகவே ஒரு தகவலுக்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அந்தச் சான்று விக்கிப்பீடியாவில் அந்த வரி ஏறிய நாளுக்கு முந்தியதா பிந்தியதா என்றும் பாருங்கள். வரலாற்றுப் பக்கத்தில் நாள் இருக்கிறது.

நீதிமன்றங்கள் விக்கிப்பீடியாவை ஏற்றுக்கொள்கின்றனவா?
– வழக்கறிஞர், கோயம்புத்தூர்

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சடங்கின்றி இணைந்து வாழ்வதைத் திருமணமாகக் கருதும் முறை எது என்பதை விளக்க விக்கிப்பீடியாவையே சுட்டியிருந்தது. 2023 ஜனவரியில், கணினி ஒன்றை எந்தச் சுங்க வரி வகையில் சேர்ப்பது என்ற வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இத்தகைய தளங்கள் அறிவுச் சுரங்கங்களாயினும் பொதுமக்கள் கூடி எழுதுபவை என்பதால் முழுமையாக நம்பத்தக்கவை அல்ல என்றும், நீதிமன்றங்களும் அதிகாரிகளும் உறுதியான சான்றுகளை நாடும்படி வழக்கறிஞர்களைத் தூண்ட வேண்டும் என்றும் சொன்னது. பின்னதையே கைக்கொள்ளுங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவுக்குச் சொல்வதெல்லாம் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் பொருந்துமா? என் மகள் பள்ளித் தமிழ்ப் பாடத்துக்கு அதைத்தான் பார்க்கிறாள்.
– வாசகி, சிங்கப்பூர்

விதிகள் ஒன்றே; ஆள்பலம் ஒன்றன்று. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது; இன்று ஒன்றரை லட்சத்தைக் கடந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுபது லட்சத்துக்கு மேல். எண்ணிக்கையைவிட முக்கியமானது, எத்தனை கண்கள் பார்க்கின்றன என்பது. தமிழில் தொடர்ந்து எழுதுவோர், தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் எல்லாம் சேர்த்தும், சில நூறு பேரே. அவர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல் எதை ஆள்வது, கிரந்த எழுத்தை எவ்வளவு விடுவது, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்று அங்கே நடந்திருக்கும் வாதங்களைப் படித்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் ஒரு நோபல் அறிஞரின் பிறந்த நாள் தவறாக இருந்தால் ஆங்கிலத்தில் அன்றே திருந்திவிடும், தமிழில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். வாசிப்போர் அனைவரும் கண்ணில் பட்ட பிழையைத் திருத்துவார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கும் அமைப்பு இது. நாமோ பிழையைப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் சிரிப்போம், திருத்தமாட்டோம்.

சிறிய விக்கிப்பீடியாக்களுக்கு என்ன நேரலாம் என்பதற்கு ஸ்காட்ஸ் மொழியின் கதை ஒன்று போதும். ஸ்காட்லாந்தில் பேசப்படும் அந்த மொழியின் விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை, அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பதின்வயதினர், ஆங்கிலச் சொற்களை எழுத்து மாற்றி எழுதியே உருவாக்கியிருந்தார் என்பது 2020 ஆகஸ்டில் தெரியவந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தடுத்துச் சொல்ல அந்த மொழிக்காரர்கள் அங்கே இல்லை. குரோவாசிய விக்கிப்பீடியாவிலோ, ஒரு சிறு குழு நிர்வாகத்தைக் கைப்பற்றிக்கொண்டு ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் நாட்டின் வரலாற்றைத் தன் அரசியலுக்கேற்ப வளைத்து எழுதியது.

தமிழ் அந்த நிலைக்குப் போகவில்லை. 2009-ஐ ஒட்டி கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்து, மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொட்டத் தொடங்கியபோது, எண்ணிக்கை ஏறுகிறதே என்று இவர்கள் மகிழவில்லை. நடை கரடுமுரடாக இருக்கிறது, தமிழருக்கு வேண்டாத அமெரிக்கப் பொழுதுபோக்குத் தலைப்புகள் வருகின்றன என்று வாதிட்டு, 2010-இல் போலந்தில் நடந்த உலக விக்கிப்பீடியர் மாநாட்டிலும் அதை எடுத்துச் சொன்னார்கள். அந்தக் காலத்துக் கட்டுரைகள் சில இன்னும் அங்கே கிடக்கின்றன. படித்தால் வாய்க்குள் நுழையாத வாக்கியம் வருமானால், மகளை அந்தப் பக்கத்திலிருந்து எழுப்பிவிடுங்கள்.

தமிழில் இன்னொரு தடை சான்று. நம்முடைய பழைய நாளிதழ்களும் சிற்றிதழ்களும் பெரும்பாலும் இணையத்தில் தேடக் கிடைப்பதில்லை. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற வலைத்தளமும், இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. கூட்டு எழுத்தில் நம்பிக்கை குறைந்தவர்கள், ஆசிரியர் குழுவின் பொறுப்பில் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று 2022-இல் தொடங்கிய தமிழ் விக்கியையும் பார்க்கலாம். அது வேறு தளம், பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம். தமிழ் இலக்கியம், பண்பாடு பற்றிய தகவல்களுக்கு இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது என் வழக்கம்.

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் நாடகம் நடத்தியவர். அவரைப் பற்றி எழுதிய கட்டுரையை 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று நீக்கிவிட்டார்கள். யார் இவர்கள் தீர்ப்புச் சொல்ல?
– வாசகர், தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர்கள் பெரியப்பாவின் கலையை அளக்கவில்லை. அவரோடு தொடர்பில்லாத யாரேனும், நூலிலோ இதழிலோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான் அளக்கிறார்கள். அந்த அளவுகோல் நல்லதா என்று கேட்டால், வசதியானது என்பேன். நியாயமானது என்று சொல்லத் தயங்குவேன். 2018 அக்டோபர் 2 அன்று டோனா ஸ்ட்ரிக்லண்ட் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். அன்று காலை வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரை இல்லை. அதே ஆண்டு ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவை, போதிய சான்று இல்லை என்று மே மாதத்தில் திருப்பியிருந்தார்கள். திருப்பியவர் விதிப்படிதான் நடந்தார். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி இதழ்கள் எழுதாமல் விட்டதை விதி அப்படியே பிரதிபலித்தது. தெருக்கூத்துக் கலைஞர், நாதசுர வித்வான், கிராமத்து நாடக ஆசிரியர் ஆகியோரின் நிலையும் அதுவே. அச்சு உலகம் மறந்தவர்களை விக்கிப்பீடியா நினைவில் வைக்காது.

பெரியப்பாவைப் பற்றிப் பழைய நாடக விமரிசனம் ஏதேனும் வார இதழில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், கட்டுரையை நீங்கள் எழுதாமல் வேறொருவரிடம் கொடுங்கள். சொந்தக்காரர் எழுதுவதை அங்கே விரும்புவதில்லை.

விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது? எழுதுவோர் யாரிடமாவது கூலி வாங்குகிறார்களா?
– சிறுதொழில் நடத்துபவர், திருப்பூர்

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை நன்கொடை திரட்டி இதை நடத்துகிறது. அங்கே சம்பளம் பெறுவோர் கணினி, சட்டம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள். கட்டுரை எழுதுவோர்க்கு அறக்கட்டளை காசு கொடுப்பதில்லை. பிறரிடம் கூலி வாங்கி எழுதுவோர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. அறிவிக்காமல் எழுதுவோர் இருக்கவே செய்கிறார்கள். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே வீச்சில் 381 கணக்குகளை முடக்கியது. கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு வணிகர்களைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்தால் பக்கம் வரும், தொடர்ந்து கொடுத்தால் பக்கம் நிலைக்கும் என்று மிரட்டிய கும்பல் அது. உங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். எந்த நிர்வாகிக்கும் கட்டணம் கிடையாது.

மருந்துகளைப் பற்றி அதில் பார்க்கலாமா? அல்லது செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்பது மேலா?
– இல்லத்தரசி, சேலம்

ஒரு மருந்து எந்த நோய்க்கு, என்ன பக்க விளைவு என்று அறிந்துகொள்ள ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகள் உதவும். அவற்றுக்கான சான்று விதி மற்றக் கட்டுரைகளைவிடக் கடுமையானது. எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் அங்கே தேடாதீர்கள். அளவை எழுதுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்களின் எழுத்து நெறி. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

அரட்டைச் செயலிகள் கற்றுக்கொண்ட பாடநூல்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. ஆனால் கற்றதைத் திருப்பிச் சொல்லும்போது, எந்த வரி எங்கிருந்து வந்தது, யார் சேர்த்தது, யார் ஐயப்பட்டது என்ற வரலாறு உதிர்ந்துபோய், மழமழவென்ற வாக்கியம் மட்டும் மிஞ்சுகிறது. சில செயலிகள் இணைப்புகளையும் தருகின்றன, சில வேளை அந்த இணைப்புகளில் சொன்ன செய்தி இருப்பதில்லை. 'சான்று தேவை' என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொள்ளும் பக்கத்தை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. அந்தக் குறி உள்ள வரியை ஐயத்தோடு படிக்கலாம், இல்லாத வரியில் அடிக்குறிப்பைத் திறந்து பார்க்கலாம்.

வயது அறுபத்தேழு. அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றேன். தட்டச்சு தெரியும். நானும் எழுதலாமா?
– வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. ஒரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள். சொந்தப் பெயர் வேண்டும் என்பதில்லை. 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் நாலு நாள் எழுதியும் அழித்தும் பழகுங்கள். பிறகு புதுக் கட்டுரைக்குத் தாவாமல், உங்களுக்கு நன்கு தெரிந்த ஊர்களின் பக்கங்களைத் திறந்து ஒற்றுப்பிழை, ஊர்ப்பெயர்ப் பிழை ஆகியவற்றைத் திருத்துங்கள். வட்டம் பிரிந்து மாவட்டம் மாறிய ஊர்கள் இன்னும் பழைய மாவட்டத்திலேயே நிற்பதைக் காண்பீர்கள். அஞ்சல் துறைக்காரர் கண்ணுக்கு அது முள்ளாகக் குத்தும். ஒருவர் உங்கள் திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால் கோபித்துக்கொண்டு மறுபடி திருத்தாமல், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள்.

நூலிலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கும்போது ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு ஆகியவற்றோடு பக்க எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். என் ஊர்க் குளம் வெட்டப்பட்ட செய்தி ஒரு பழைய மாவட்ட விவரச் சுவடியில் இருப்பதை நூலகத்தில் கண்ணாரக் கண்டேன், பக்க எண்ணை எழுதிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அந்தச் சுவடி பைண்டிங்குக்குப் போயிருந்தது. இன்னும் திரும்பவில்லை, 'சான்று தேவை'யும் இன்னும் அங்கேயே இருக்கிறது.